கடல் திரும்பி வருமாம்

எங்கள் கஸாக் நாட்டு அரால் ரயில் நிலையத்தில் புகைபோட்ட மீன் விற்கும் பெண்கள் நிறையப் பேர். ஆனால் பல்ஷெக்கெரிடம் மீன் வாங்கினால் மட்டும் லேசில் தப்ப முடியாது. மற்றவர்கள் மீனைக் கொடுப்பார்கள், காசை வாங்குவார்கள், அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். இவளுக்கோ, நடுப்பனிக்காலத்தில் வெயில்பட்டுக் கறுத்த முகத்தோடு யாராவது இறங்கினால் மூக்கில் வியர்த்துவிடும்.

"எந்தத் தீவுக்குத் தம்பி போயிட்டு வர்றீங்க?"

"புக்கெட்டுக்குப் பெரியம்மா."

"அங்க தண்ணி உறையவே உறையாதாமே? அப்ப மீனுங்களுக்கு ஓய்வே கிடையாதா? சோத்துல பால் ஊத்துறாங்களாமே, தேங்காப்பாலு, அதை யாரு கறக்கிறது?"

சிரிக்காதீர்கள். ஒட்டகப் பாலில் வளர்ந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? ரயில் நகர ஆரம்பித்தாலும் விடமாட்டாள். ஜன்னலோடு கூடவே நடந்து, அந்தக் காய் தலையில் விழுந்தால் ஆள் பிழைப்பானா என்பதையும் கேட்டுவிட்டுத்தான் நிற்பாள். மீதிச் சில்லறை கொடுக்க மறந்து எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு மீன் ஆலையில் பிடித்தது. கஸலியிலிருந்து கல்யாணமாகி அராலுக்கு வந்தபோது ஊரில் ஆலை இருந்தது, கடல் இல்லை. கடல் எப்போதோ வற்றி எழுந்து போய்விட்டது. ஆலையை மூட மனம் வராமல் எங்கோ பெருங்கடலில் பிடித்த மீனைப் பனிக்கட்டியாக்கி ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கட்டி உடைத்தபோது மீன்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் கிடந்தது. ஐந்து கால், தலை இல்லை, கண் இல்லை. "இது எதால சாப்பிடும்?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். "நீ வேலையைப் பாரு" என்றார் அவர். கேள்வி அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது. நட்சத்திரம் இன்றைக்கும் அவள் வீட்டுச் சர்க்கரை டப்பாவின் மேல்தான் இருக்கிறது.

அதனால், அவளுக்கு அறுபது வயதாகிவிட்டதென்று மகனும் மருமகளும் சேர்ந்து புக்கெட் பயணம் ஏற்பாடு செய்தபோது பல்ஷெக்கெருக்குத் தலைகால் புரியவில்லை. அல்மாத்தியிலிருந்து மருமகள் மெருயெர்த் நேரிலேயே வந்திருந்தாள், வார முடிவுக்குள் எல்லாவற்றையும் உறுதி செய்ய வேண்டும் என்று. பல்ஷெக்கெர் அன்றே பெட்டியைக் கூடத்தின் நடுவில் திறந்துவைத்துவிட்டாள். காய்ந்த தயிர் உருண்டை ஒரு பை. கம்பளிக் காலுறை.

"அத்தை, அங்க காலுறையே போடமாட்டாங்க!"

"அப்ப பல்லியெல்லாம் கால்ல ஏறாதா?"

அவள் கணவர் ஒரின்பசார் மூலையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். இவள் எவ்வளவு கேட்பாளோ அவ்வளவு பேசாமலிருப்பவர். "தண்ணியைப் பாக்கக் காசு குடுத்துப் போறவங்களை இப்பதான் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

மெருயெர்த், பாவம், நல்லது செய்வதாக நினைத்துப் போனை நீட்டினாள். "மாமா, நாம தங்கப்போற வீட்டுக்கு முன்னாடி இருக்கிற கடற்கரை. அங்க போனவங்க எடுத்த படம்."

ஒரின்பசார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போனது. படத்தில் சேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஈரச் சேறு. அதில் படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"அங்கயும் போயிடுச்சா" என்றார்.

"என்னது மாமா?"

"ஏமாத்திட்டானுங்க. பிள்ளைகிட்ட காசை வாங்கிட்டு, கடல் செத்த ஊரைத் தலையில கட்டுறானுங்க. வேண்டாம்னு சொல்லிடு. நான் வரல."

மெருயெர்த்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஊர்ப் பெண், அவளுக்கென்ன தெரியும்? "ஐயோ மாமா, அது அப்படியில்ல. காலையில தண்ணி உள்ள போகும், சாயங்காலம் திரும்பி வந்துடும். தினமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கலையா?"

"சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு நான் துறைமுகத்துல நின்னிருப்பேன்." அவர் எழுந்துவிட்டார். "திரும்பி வந்துடும்னு எங்களுக்கும்தான் சொன்னாங்க."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. பல்ஷெக்கெர் முதன்முறையாகக் கேள்வி எதுவும் கேட்காமல் பெட்டியை மூடினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரை விட்டுவிட்டுப் போகலாம்தான். மகன் கூடவே வருகிறான். ஆனால் பார்த்ததையெல்லாம் யாரிடம் உடனே திரும்பி, "பாத்தீங்களா?" என்று கேட்பது? பதிலே சொல்லாத அந்த மனுஷனிடம் கேட்டுக் கேட்டே பழகிவிட்டாள்.

மறுநாள் மெருயெர்த் விடாப்பிடியாகத் தேடி, அதே மரம், அதே படகுகள், ஆனால் தண்ணீர் தளும்பும் படம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரின்பசார் அசரவில்லை. "இது பழைய படம். நம்ம ஊர் அருங்காட்சியகத்துலகூடத்தான் தண்ணி இருக்கிற படம் தொங்குது."

மருமகள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

பல்ஷெக்கெர் தன் வழியில் இறங்கினாள். வந்த ரயிலிலெல்லாம் மீனை விட்டுவிட்டு இதையே விசாரித்தாள். "அங்க போற தண்ணி நிஜமாவே திரும்பி வருதா? உங்க கண்ணால பாத்தீங்களா? எந்தப் பக்கமா வரும்? சத்தம் கேக்குமா?" பலருக்குத் தெரியவில்லை, பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்களாம், இல்லாவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அவ்வளவு தூரம் போய்த் தூங்கியிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் நாத்தனார் உல்மெகெனிடம் போய் நின்றாள். ஒரின்பசாரின் தங்கை, அடுத்த தெரு. இவர்கள் ஊரில் இல்லாதபோது ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டவள்.

"அண்ணன் வரமாட்டாரு அண்ணி" என்றாள் உல்மெகென், மாவைப் பிசைந்தபடி. "எங்கப்பா படகோட்டினவரு இல்லையா? தண்ணி போனப்ப, 'கொஞ்ச நாள்ல வந்துடும், யாரு முதல்ல வந்து சுயின்ஷி கேக்குறீங்களோ அவங்களுக்குக் கேட்டதைத் தர்றேன்'னு எங்ககிட்ட சொன்னாரு. எழுந்ததும் நானும் அண்ணனும் போட்டி போட்டுக்கிட்டு ஓடுவோம் துறைமுகத்துக்கு. நான் சைக்கிள் கேக்கிறதா இருந்தேன். ஒருநாள் அண்ணன் ஓடல. 'கால் வலிக்குது'ன்னுட்டாரு. அப்புறம் நானும் ஓடல."

சுயின்ஷி என்றால் எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நல்ல செய்தியை முதலில் கொண்டுவருகிறவர் வாசலிலிருந்தே அந்தச் சொல்லைக் கத்துவார். செய்தியைக் கேட்டவர் அவருக்குப் பரிசு கொடுத்தாக வேண்டும். பிள்ளை பிறந்தாலும் சுயின்ஷிதான், காணாமல்போன குதிரை கிடைத்தாலும் சுயின்ஷிதான். அந்த வீட்டில் ஒரு சுயின்ஷி கத்தப்படாமலே நின்றுபோயிருந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியும், சந்தைக்குப் போகும்போது துறைமுகத்தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறார் என்று மட்டும் அவரிடம் கேட்கவே இல்லையே என்று பல்ஷெக்கெருக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தாள். அவர் ஒட்டகத்துக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது பொய்யாவே இருக்கட்டும். பொய்யின்னு பாத்துட்டாவது வருவோம். தண்ணி வரலைன்னா, எங்க வீட்டுக் கிழவர் சொன்னதுதான் சரின்னு பிளாட்பாரத்துல நின்னு நானே கத்துறேன்."

"நீ கத்தாம இருந்தாதான் அதிசயம்."

"கேலி பண்ணாதீங்க. எதுக்குப் பயப்படுறீங்க?"

வைக்கோலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பதில் வராது என்று அவள் திரும்பினாள்.

"வரலைன்னா என்ன பண்ணுறது கிழவி?" என்றார். "இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால ஆகாது."

"ஆகாதுதான். போன தடவை நான் உங்க பக்கத்துல இல்ல" என்றாள் பல்ஷெக்கெர். "இந்தத் தடவை வரலைன்னா ரெண்டு பேருமா உக்காந்து அழுவோம். அழுதுட்டு அந்தத் தேங்காப்பாலையும் குடிச்சுப் பாத்துட்டு வந்துடுவோம்."

சாயங்காலம் கூடத்தில் பெட்டி மறுபடி திறந்திருந்தது. கம்பளிக் காலுறைக்கு மேல் அவருடைய தொப்பி இருந்தது.

புக்கெட்டில் அவர்கள் போய் இறங்கியபோது கடல் வீட்டில் இல்லை. படத்தில் பார்த்த அதே சேறு, அதே சாய்ந்த படகுகள். மகனும் மருமகளும் தூங்கப் போனார்கள். ஒரின்பசார் கரையோரப் படிக்கட்டில் உட்கார்ந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பல்ஷெக்கெரோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு பொந்தாகக் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் ஓடும் நண்டைப் பார்த்து, "ஓய்பாய்! இதுக்கு முன்பக்கம் எது?" என்று கத்தினாள். வலை சரிசெய்துகொண்டிருந்த படகுக்காரரிடம், அவருக்குப் புரியாத கஸாக் மொழியில், கையால் அலை வரைந்து காட்டி, எப்போது வரும் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் முழங்காலைக் காட்டினார், பிறகு இடுப்பைக் காட்டினார், பிறகு போய்விடு என்று கையசைத்தார்.

மதியத்துக்கு மேல் தூரத்தில் ஒரு மெல்லிய கோடு மின்னியது. பல்ஷெக்கெர் ஓடிவந்து படியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோடு அகன்றது. சத்தமே இல்லை. சேற்றின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன, நண்டுப் பொந்துகள் மூடிக்கொண்டன. சாய்ந்து கிடந்த படகு ஒன்று மெதுவாக அசைந்து, நிமிர்ந்து, மிதந்தது. தண்ணீர் படியேறி வந்து ஒரின்பசாரின் செருப்பை நனைத்தது.

அவள் பக்கம் திரும்பி அவர்தான் முதலில் கேட்டார்.

"பாத்தியா?"

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பல்ஷெக்கெர்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"உல்மெகென்! சுயின்ஷி! சுயின்ஷி!" அந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. "கடல் திரும்பி வந்துடுச்சு!"

அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம். மூச்சிரைப்பு.

"எங்கண்ணே? துறைமுகத்துக்கா?"

ஒரின்பசார் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லம்மா. ஓடாத. இங்க... இங்க வந்திருக்கு."

அராலின் பனிக்காற்று மட்டும் போனுக்குள் கேட்டது. தெருவில்தான் நிற்கிறாள் போல.

"நிஜமாவே வந்துடுச்சா?" என்றாள் கடைசியில்.

"வந்துடுச்சு. என் செருப்பெல்லாம் நனைஞ்சிடுச்சு."

"அப்ப நீதான் முதல்ல சொன்ன." உல்மெகெனின் குரல் உடைந்தது. "கேளு அண்ணே. என்ன வேணும்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். இப்போது அது அடுத்த படியில் இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். "நாளைக்கும் வருமாம்."