யாருக்கு எவ்வளவு சொல்லலாம்

பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிற வீட்டில் யாருக்குக் காது மந்தம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பவர்லூம் சத்தத்தில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். தறியை நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். அந்த ஊரில் பிறந்தவள் என்பதால்தான் நெசவாளர்களின் காதுகளைச் சோதிக்கும் ஆய்வை எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கு வந்தவர்களில், நான் அக்கா என்று கூப்பிடும் பக்கத்துத் தெருப் பெண்ணும் ஒருவர். கணவர் இல்லை, தறியும் ஒரே மகளும்தான். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கேன். தறியால வந்ததுன்னு எவன் நம்புவான்? செவிட்டு வம்சம்னுடுவாங்க. அவளுக்கே தெரியக் கூடாது" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

பிறகு சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு எங்கள் தரவுகளைக் கேட்டது. வியர்வையில் நழுவாத காதடைப்பான் செய்யப் போகிறார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெயர்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியாக ஒருமுறை படித்தபோது பகீரென்றது. அக்காவைப் பற்றிய பதிவில் இருந்தது: இரண்டு தறி, நெய்வது கட்டம் போட்ட லுங்கி, கணவரை இழந்தவர், ஒரு மகள். எங்கள் ஊரில் இதற்கு மேல் பெயர் எதற்கு? டீக்கடையில் கேட்டாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

ஆகவே பிரித்தேன். ஊர் முழுவதற்குமான கூட்டுக் கணக்கை யாரும் பார்க்கலாம். தனித்தனி ஆட்களின் கேட்கும் திறன் அளவு, தறி, குடும்ப விவரங்கள் இல்லாமல், எதற்கென்று எழுதிக் கேட்டுக் கையெழுத்திடும் ஆய்வாளர்களுக்கு மட்டும். யார் எந்த வீடு என்பது என் பூட்டுக்குள். "ரொம்பத்தான் அலட்டிக்கிறீங்க" என்றார் உடன் வேலை செய்தவர். அவர் வீட்டுப் பெண்ணுக்கா வரன் பார்க்கிறார்கள்?

அந்தப் பூட்டு சீக்கிரமே என்னைச் சோதித்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக நின்றிருந்தபோது அக்காவின் மகள் வந்து கையைப் பிடித்தாள்.

"சித்தி, அந்தப் பையன் வேணாம்னு அம்மாகிட்ட சொன்னேன். சோறு வடிச்சிகினே ஆங், ஆங்ன்னாங்க. இப்ப நிச்சயத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. என் பேச்சுக்கு அவ்ளோதான் மதிப்பா? இல்ல, அவங்களுக்குக் காது கேக்கலியா? நீங்கதான டெஸ்ட் பண்ணீங்க, சொல்லுங்க."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவள் அழுகை நின்றுவிடும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் வேலையை அந்த நிமிடம் வெறுத்த அளவுக்கு நான் என்றுமே வெறுத்ததில்லை.

"நான் சொல்ல முடியாதும்மா. வா, அம்மாகிட்டயே போலாம்" என்று அவளையும் பஸ்ஸில் ஏற்றினேன்.

அவளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "உங்க காது விஷயத்த பொண்ணுக்கு மட்டும் சொல்லட்டுமாக்கா? அவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. உங்களுக்குக் கேக்கல."

அக்கா என்னை முறைத்தார். அப்புறம் தறியை நிறுத்தினார். "நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

மகளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். "எனக்குக் காது சரியா கேக்கலம்மா. அன்னிக்கி என்னா சொன்ன? என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

அவள் சொன்னாள். அக்கா அவள் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாமா?"

"வேணாம்மா."

அக்கா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை அவள் கையில் கொடுத்தார்.

"தரகருக்குப் போன் போடு. நான் பேசறேன். அவரு சொல்றத நீ கேட்டுச் சொல்லு."