வெள்ளைச் சப்பாத்து மனு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, நானுஓயாவில் லாரி கழுவி, அந்த வேலையும் போன பிறகு தேயிலைத் தோட்டத்தில் அக்காவின் லயத்து அறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். தின்ற சோற்றுக்கு நான் செய்த ஒரே வேலை, ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதியதுதான்.

வெள்ளை உடுப்போடு வெள்ளைத் துணிச் சப்பாத்தும் போட வேண்டும் என்று அங்கே சட்டம் வைத்திருந்தார்கள். அக்கா மகளிடம் சப்பாத்து இருந்தது. தேயிலைக்கு நடுவே மூன்று மைல் நடந்தால் அது சேறாகிவிடும். கழுவி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால், காலையில் புகையேறிக் கருவாட்டு நிறத்தில் இருக்கும். பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தவணை முடிவதற்குள் சரிப்படாவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாகச் சொல்லியும் அனுப்பினார்கள். பெயரை வெட்டினால் அடுத்தது கொழுந்துக் கூடைதான். அக்காவுக்கு அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக் கமிட்டி கூடியது. அக்காவும், அதே தொல்லையில் இருந்த ஆறு பெண்களும் தலையில் கம்பளி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மனு என் சட்டைப்பையில் இருந்தது. தலைமையாசிரியர் உள்ளே வரச் சொன்னார். சிவப்புத் தரை பளபளத்ததால் சேற்றுக் காலோடு யாரும் ஏறவில்லை. முற்றத்தில் வரிசையாக நின்றோம். வரிசையில் நிற்க யாரும் சொல்லவில்லை; விடியற்காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டில் பேர் கொடுக்க நின்ற பழக்கம்.

கமிட்டித் தலைவர் வெளியே வந்தார். பல வருஷம் பெரட்டு எடுத்து ஓய்ந்த பெரிய கணக்கப்பிள்ளை அவர். அவருக்கும் பழக்கம்தான். வரிசையைக் கண்டதும் விரலை நீட்டித் தலைகளை எண்ணி, “சரி, நடங்க,” என்றார்.

ஏழு பேரும் திரும்பி நடந்தார்கள். எந்தத் தோட்டத்திலும் மூன்று மாதம் நிலைக்காத நானும் நடந்தேன். பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா நின்றாள்.

“மனுவக் குடுத்தியாடா?”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று கேட்கும்படி அக்கா திட்டினாள்.

திரும்பிப் போனபோது அவள் யாரையும் கேட்கவில்லை. சேற்றுக் காலோடு சிவப்புத் தரையில் ஏறி, கம்பளிக்குள்ளிருந்து மகளின் சப்பாத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் மனுவைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்தேன்.

“ஐயா, வெறுங்கால்ல அட்டை ஏறுனா கண்ணுக்குத் தெரியும், புடுங்கி எறிஞ்சிருவோம். இதுக்குள்ள பூந்துட்டா வகுப்புல கழட்டுறப்பத்தான் தெரியுது. வெள்ளையா இருக்கணும்ங்கிறீங்க. உள்ளுக்குப் பாருங்க, செவந்து கெடக்கு.”

யாரும் உள்ளே பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை மட்டும், இதை அப்போதே சொல்லாமல் ஏன் போனீர்கள் என்று கேட்டார்.

“நீங்க நடங்கன்னு சொன்னீங்க. நடந்தோம்ங்க.”

தலைமையாசிரியர் என் மனுவால் முகத்தை மறைத்துக்கொண்டார். காகிதம் குலுங்கியது.

மழை நாளில் சப்பாத்து வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். தோட்டத்தில் மழையா என்பது பட்டணத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கணக்கப்பிள்ளை இழுத்தார். பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதாக அக்கா சொன்னாள்.

அந்த வருஷம் ஹட்டனில் வெயில் காய்ந்த நாள்களிலும் எங்கள் தோட்டத்தில் விடாமல் மழை பெய்தது.