தவிடு ஒட்டிய கன்னம்

இன்று காலை அரிசி புடைத்தபோது தரையில் தவிடு சிந்தியது. அதைக் கூட்டக் குனிந்தேன். அந்த வாசனையில், அறுபதுகளின் கடைசியில் மணவாள நகர் நெல் கிடங்கில் நடந்த நடன வகுப்பு திரும்பி வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கரைக்கு வகுப்பு. சலங்கை இல்லை, பாட்டும் இல்லை. நவீன நடனம் என்றார் லீலா டீச்சர். மரம் சாய்வதுபோல் நாங்கள் ஆறு பெண்களும் குப்புற விழ வேண்டும். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு அது வரவில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் மண்டியிட்டுத்தான் பெருமாளைச் சேவிப்போம். உடம்பை நீட்டி விழுவது ஆண்கள். ஒவ்வொரு முறையும் என் முழங்கால் தானாக மடங்கியது.

"இன்னாடி, டீச்சரைச் சேவிச்சிக்கினு கீறியா?" என்று சிரித்தாள் ஆலைத் தொழிலாளி மகள் ஸ்டெல்லா.

"வெள்ளிக்கிழமையும் மண்டி போட்டா ஆண்டு விழாவுல ஆட நீ இல்லம்மா," என்றார் டீச்சர்.

வெள்ளியன்று மற்ற ஐவரும் சாய்ந்தார்கள். நான் முழங்காலிலேயே நின்றேன். கீழிருந்து ஸ்டெல்லா என் விரலைப் பிடித்தாள். "வாடி, தரை ஜில்லுனு கீது."

மெல்ல நீண்டு படுத்தேன். தூரத்து ரயில் தரைவழியாக என் நெஞ்சுக்குள் ஓடியது. தவிட்டு வாசனையில் ஆறு மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கின. "அப்படியே இருங்க. இவளும் விழாவுல உண்டு," என்ற டீச்சர் குரல் எங்கோ மேலே மிதந்தது.

"கன்னத்துல என்னடி தவிடு?" என்றாள் அம்மா, அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"டான்ஸ்ல விழுந்தேம்மா. நீட்டி."

அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இன்று துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் நீண்டு படுத்தேன். எழுந்தபிறகும் கன்னத்தைத் துடைக்கவில்லை.