ஃபேக்டரி பஸ்ஸில் மூன்று கலைகள்

மலாக்காவின் பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு கடை வரிசை. அதில் காசு போட்டால் தானே துவைத்துக் கொடுக்கும் டோபிக் கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் டேக்வாண்டோ வகுப்பு. சனிக்கிழமை காலையில் போர்வைகளை மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், தலைக்கு மேலே முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். கீழே மெஷின் ஆடுகிறதா, மேலே கூரை ஆடுகிறதா என்று தெரியாது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கும்போது வியர்த்த காலுறை வாசனையும் வலித் தைல வாசனையும் சேர்ந்தே இறங்கும். காலுறையை மன்னித்துவிடலாம். அந்தத் தைலம்தான் என்னைச் சும்மா உட்கார விடாது.

போன வாரம் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு இளம் தாய், ஏழு வயது மகளைக் காட்டி என்னிடம் யோசனை கேட்டாள். "ஆண்ட்டி, பொம்பளப் பிள்ளைக்கு எதுலா நல்லது? இதுவா, சிலம்பமா? இவங்கப்பா ரெண்டும் வேஸ்ட், மலாய்க்காரங்க சிலாட்தான் டாப்னு சொல்றாரு." அவள் கணவன் போனில் சண்டை வீடியோக்களாகப் பார்த்து மாதம் ஒரு கட்சி மாறுகிறவனாம். நான் என்னவோ முணுமுணுத்துச் சமாளித்தேன். உண்மையில் அந்தக் கேள்வி என் கேள்வி. இருபத்திரண்டு வயதில் அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போது மலாக்கா டவுனுக்கு வெளியே ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, எறும்பின் காலைவிடச் சன்னமான கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்கு விடுவார்கள். ஃபேக்டரி பஸ் கோலா சுங்கை பாருவில் புறப்பட்டு, மஸ்ஜித் தானா வழியாக வந்து, ரப்பர்த் தோட்டத்துச் சந்திகளில் எங்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். ஓட்டுநர் வேலு அண்ணன். அவருக்குப் பேச்சு குறைவு. ஹாரன்தான் அவருடைய பேச்சு.

நான் சிலம்பக்காரி. வேலையில் சேர்ந்த முதல் நாளே இதை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூடத் திடலில் ஐந்து வருஷம் பழகியவள். எங்கள் வகுப்பில் முதல் நான்கு மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. வெறும் காலடிதான். மண்ணில் கோடு கிழித்து, இந்தக் கால் இங்கே, அந்தக் கால் அங்கே என்று நடக்க வைத்தார்கள். நடக்கவா இங்கே வந்தோம் என்று நாங்கள் புலம்புவோம். ஆனால் கம்பு கைக்கு வந்த நாளில்தான் புரிந்தது, சுற்றுவது கை இல்லை, கால் என்று. கம்பு சுழலும்போது காற்று கிழிபடும் அந்தச் சத்தத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. சுழலும் கம்புக்குள் எவனாலும் கை நீட்ட முடியாது. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் சியூ லான். மஸ்ஜித் தானா கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பெண். அவள் டேக்வாண்டோவில் நீலப் பட்டை வாங்கியிருந்தாள். அவளுடைய வகுப்பில் எல்லாம் எண்ணிக்கை. ஒரே உதை, வலது காலில் நூறு, இடது காலில் நூறு. ஒவ்வொன்றுக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். கத்தல் சரியில்லையென்றால் உதையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். லாக்கர் மேலே வைத்த காகிதக் கோப்பையை அவள் உதைத்துத் தள்ளியதை நானே பார்த்தேன். கோப்பை மட்டும்தான் விழுந்தது, லாக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயைப் பிளந்து நின்றுவிட்டு, காலைத் தூக்கினால் கீழே விழுவாய் என்று பேச்சுக்கு ஒரு குறை சொல்லி வைத்தேன்.

மூன்றாமவர் காக் ரொஹானி. காக் என்றால் மலாயில் அக்காதான். கோலா சுங்கை பாருவில் மீன் பிடிக்கிற குடும்பம், மூன்று பிள்ளைக்குத் தாய், உருண்டையான உடம்பு. பையில் எப்போதும் ஒரு பச்சைத் தைலப் புட்டி இருக்கும். அவர் சிலாட் பழகியவர் என்றே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. சொல்லிக்கொள்ளவில்லை. சிலாட்டில் முதல் பாடம் விழுவது. கடற்கரை மணலில் வாரக்கணக்கில் விழுந்து பழகிய பிறகுதான் நிற்கவே சொல்லிக்கொடுத்தார்களாம். யாரையும் போய் அடிப்பதில்லை. எதிராளி பிடிக்கும்வரை காத்திருந்து, அவன் இழுக்கிற பக்கமே போய், அவனுடைய பலத்தாலேயே அவனைச் சாய்க்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், மோதுகிற இருவரும் இரண்டு கையாலும் மற்றவர் கையைப் பிடித்து விட்டு, தன் கையை நெஞ்சில் வைத்துச் சலாம் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் பெலும் ஹாபிஸ், இன்னும் முடியவில்லை என்பார். முடியாத சண்டையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம்.

இப்படி மூவரும் சாப்பாட்டு நேரத்தில் வெட்டிக்கு வாதாடிக்கொண்டிருந்தோம். சரோஜாவால்தான் அது வெட்டிப் பேச்சாக இல்லாமல் போனது.

சரோஜா எனக்கு இரண்டு வயது இளையவள், பக்கத்துத் தோட்டம். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், அடி தாங்காமல் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்தவள் ஃபேக்டரியில் சேர்ந்தாள். அது புருஷனுக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துச் சந்தியில், பஸ் நிற்கிற இடத்தில், மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்பான். இறங்கியதும் இடது மணிக்கட்டைப் பிடித்து, ஏறு என்று இழுப்பான். ஒருமுறை அவளுடைய பையைப் பிடுங்கிப் போய்விட்டான். உள்ளே ஃபேக்டரி பாஸ் அட்டை. மறுநாள் அவளைக் கேட்டுக்குள் விடவில்லை. போலீஸில் புகார் கொடுத்துப் பார்த்தாள். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போவதால்தானே வந்து நிற்கிறான், வேலையை விட்டுவிடு என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சம்பளம் போனால் அவனிடம் திரும்பிப் போவதைத் தவிர சரோஜாவுக்கு வேறு வழி இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதான் பெரிய ரகளை. அவனுடைய பிடி பஸ் படியிலேயே ஆரம்பிக்கும் என்பதால், நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள்ளேயே சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. வேலு அண்ணன் பின்சீட்டில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பைக் கேட் தாண்டி விடமாட்டார்கள் என்பதால் என் ஆயுதம் குடை. முதல் சுற்றிலேயே அது கூரை விளக்கில் இடித்து, தானே விரிந்து, கம்பியெல்லாம் வெளியே வந்துவிட்டது. சியூ லானின் கால் அழகாக எழுந்து, இருக்கைக் கைப்பிடிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இருவர் தேவைப்பட்டார்கள். காக் ரொஹானி என்னைத் தன் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அவர் என் பக்கமே அரை அடி வந்தார், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது வேலு அண்ணனின் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கிடந்தேன். அவர் பொட்டலத்தை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும், நல்ல கலையைப் பார்த்தால் மனசு தானாகக் கும்பிட்டுவிடுகிறது. இடம் குறுகினால் சிலாட், இடம் கிடைத்தால் உதை, வெளி முழுக்கக் கிடைத்தால் என் கம்பு என்று அன்றைக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டோம். இன்றுவரை அதைத் திருத்தத் தேவைப்படவில்லை.

ஆறு வாரம், சாப்பாட்டு நேரத்தில் பாதி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சரோஜாவுக்குப் பயிற்சி நடந்தது. காக் ரொஹானிதான் தலைமை. ஒரே ஒரு அசைவு, இடது மணிக்கட்டுக்கு மட்டும். நாங்கள் இருவரும் அவனாக நடித்து மாறி மாறி இழுத்தோம், மாறி மாறி விழுந்தோம். நான் காலடியைத் திருத்தினேன். சியூ லான் கத்தச் சொன்னாள். அங்கேதான் சரோஜா திணறினாள். விழுந்தாள், எழுந்தாள், கை வீங்கியது, தைலம் தேய்த்துக்கொண்டாள், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சத்தம் மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். "அவரு முன்னாடி சத்தம் போட்டுப் பழக்கமில்லக்கா" என்றாள். அவனை இன்னும் அவர் என்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ஒவ்வொரு முறையும் எங்களை விழத்தட்டிவிட்டு, மறக்காமல் கையைப் பிடித்துச் சலாம் கொடுப்பாள். அதில் மட்டும் அவள் முதல் நாளிலிருந்தே கெட்டிக்காரி.

ஏழாவது வாரம் அவன் வந்தான். நான்கு மணி, சுள்ளென்று வெயில். சரோஜா இறங்கினாள். நானும் புதுக் குடையோடு பின்னாலேயே இறங்குவது என்று ஏற்பாடு. அவன் பிடித்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஐந்து வருஷம் கோடு கிழித்து நடந்த கால்கள் இரண்டும் நகரவில்லை. சரோஜா அவன் இழுத்த பக்கமே அரை அடி போனாள். மணிக்கட்டைத் திருப்பினாள். அப்போது ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை நான் அந்த உடம்பிலிருந்து எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவன் செம்மண்ணில் உட்கார்ந்திருந்தான். வேலு அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். முப்பது பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரோஜா குனிந்து, அவனுடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து விட்டு, தன் கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் சிரிப்பு தாங்கவில்லை. பழக்க தோஷத்தில் புருஷனுக்கே சலாம் வைத்துவிட்டாளே என்று நான் இறங்கும்வரை சிரித்தோம். மறுநாள் சியூ லான், கத்தல்தான் அவனை விழத்தட்டியது, டேக்வாண்டோதான் ஜெயித்தது என்றாள். நான் அந்த அரை அடிக் காலடியைச் சிலம்பத்துக்கு எழுதிக்கொண்டேன். படியில் நின்ற என் சொந்தக் காலடியைப் பற்றி மூச்சு விடவில்லை. காக் ரொஹானி கெரோப்போக் அப்பளம் மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் சரோஜாவைக் கிண்டல் செய்தேன், மறந்துபோய்ச் சலாம் வேறு கொடுத்தாயே என்று.

"மறந்துபோய்க் குடுக்கலக்கா," என்றாள். "முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்."

காக் ரொஹானிக்கு எந்த அளவு தமிழ் புரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு சண்டையைத் தொடங்கத்தான் கற்றுக்கொடுத்தோம் என்று நான் நினைத்திருந்தேன்.

அதோடு அவன் வரவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றான். மோட்டாரிலிருந்து இறங்கவில்லை. அப்புறம்தான் காணாமல் போனான். சரோஜா வேலையை விடவில்லை. மூன்று வருஷத்தில் லைன் லீடர் ஆனாள்.

அந்த பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவோம், பக்கத்தில் இருப்பவள் தோளிலேயே. சரோஜா மட்டும் தூங்கியதே கிடையாது. சந்திக்கு வெகு தூரம் முன்பே முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அந்த மோட்டாரைத் தேடுவாள். அவன் வராமல் போன பிறகும் மாதக்கணக்கில் தேடினாள். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் சந்தி வந்தது, பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சரோஜா காக் ரொஹானியின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. வேலு அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி காத்திருந்தார். வீட்டுக்குப் போக வேண்டிய முப்பது பெண்களில் ஒருத்திகூட அவசரப்படுத்தவில்லை.

ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. பஸ் நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. இப்போது நாங்கள் ஆளுக்கொரு கார் வைத்திருக்கிறோம், சரோஜாவும்தான். கார் ஓட்டிக்கொண்டு தனியாக வீடு திரும்புகிறவள் வழியில் தூங்க முடியாது.