சிக்கிமுக்கிக் கல்லில் ஒரு சிப்பி

இங்கிலாந்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கையிடமிருந்து அந்தப் பொட்டலம் வந்தபோது, நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் கருமாதிக்கு அவளால் வர முடியவில்லை. "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று சொன்னவன் நான்தான். வறட்டுப் பிடிவாதம். அடுத்த வாரமே வருத்தப்பட்டேன்; ஆனாலும் நானாக அழைக்கவில்லை.

பொட்டலத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு சிக்கிமுக்கிக் கல். அதில் பாதி புதைந்த சிப்பி, அதுவும் கல்லாகவே. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "வீட்டுப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றில் கிடைத்தது. என்ன சிப்பி, சொல்." சின்ன வயதில் மெர்சிங் கடற்கரையில் இதுதான் எங்கள் விளையாட்டு. நான் பெயர் சொல்வேன், அவள் தப்பு என்பாள். யாராவது தப்பாகச் சொன்னால் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்கவே முடியாது.

அந்த வாரம் நான் இருக்கும் ஸ்கூடாயில் ஓயாத மழை. வேலை முடிந்து வந்ததும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். கீழே ஈரச் சாலையில் போகும் கார்களின் சத்தம் கடலாகிவிடும். அவள் நடக்கும் வெள்ளைக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலடி. நானும் அந்த வெள்ளைச் சேற்றில், சிப்பிகளுக்கு நடுவே மெல்ல இறங்கிக்கொண்டிருப்பேன். அடிபிடித்த சோற்றின் வாசனைதான் என்னைக் கரையேற்றும்.

சனிக்கிழமை பசாரில் கெராங் சிப்பி வாங்கி வந்து, அவித்துத் தின்றுவிட்டு, ஓடுகளைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிவரியாக மேடும் பள்ளமும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நடுவில் நூல் பிடித்தால் கெராங் ஓடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கல்லில் இருந்ததற்கோ இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. அதன் மூக்குபோன்ற நுனியில் ஊசித் துளை வேறு. போனில் தேடினேன். அது கெராங்குக்கு உறவே இல்லை; பிராக்கியோபாட் என்ற வேறு உயிர்.

அந்தப் பெயரைத் தட்டினேன். அனுப்பினால் "சரி" என்று பதில் வரும். அதோடு முடிந்துவிடும். அழித்தேன். "கெராங்" என்று மட்டும் அனுப்பினேன்.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

"அலமாக்! கெராங்கா? அண்ணே, கண்ணைத் தொறந்து பாத்தியா இல்லையா? ரெண்டு பக்கமும் எப்படி இருக்குன்னு பாரு லா!"

"எனக்கு ஒண்ணும் புரியல லா" என்றேன். "நீயே சொல்லு. மொதல்லேருந்து, மெதுவா சொல்லு."