குரோ ஐயாவுக்குச் சோறு போட்ட ஒமாசா

உள் அறையிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. அடிவயிற்றில் புறப்பட்டுப் பல்லிடுக்கில் வடிகட்டி வந்த உறுமல்.

வாசல் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஜின்பே தன் இருமலைப் பாதியில் விழுங்கினார். எடோ நகரத்தில் எங்கள் ஃபுகாகவா வரிசைவீடுகளுக்கு வாடகை வசூலிப்பவர், சண்டை தீர்ப்பவர், தீர்க்கச் சண்டை இல்லாத நாளில் ஒன்றை மூட்டிவிடுபவர் எல்லாம் அவர்தான்.

"பாத்தியா திமிர! ஷோகன் போய்ச் சேந்தாச்சு. நாய்ச் சட்டமும் அவரோடயே போயாச்சு. இப்ப அது வெறும் நாய், ஒமாசா."

"எனக்கு அவரு குரோ ஐயாதான்," என்றாள் ஒமாசா, சேப்பங்கிழங்கின் தோலை உரித்தபடி.

"உன் புருஷன் தீவுலேருந்து கப்பல் ஏறிட்டான், தெரியுமில்ல? ஆறு வருஷம் யாரால அங்க கிடந்தான்? இந்த நாயால. வந்து இதப் பாத்தான்னா ஒண்ணு இதக் கொல்லுவான், இல்ல உன்னக் கொல்லுவான். அவன் வர்றதுக்குள்ள இதத் தொலைச்சிடணும். நானே ஆள் அனுப்பறேன். மாட்டேன்னா வீட்டக் காலி பண்ணு."

ஜின்பே எழுந்தார். மறுபடி இருமினார். மறுபடி உறுமல். அவர் போனபின் ஒமாசா ஒரு கிழங்கைப் பாதி உரித்த நிலையிலேயே வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். கணவன் வேண்டும். நாயும் வேண்டும். இரண்டும் ஒரே கூரைக்கடியில் வேண்டும். இவ்வளவு பேராசை பிடித்த பெண்ணை எடோ நகரம் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த ஹோயெய் சகாப்தத்தின் ஆறாம் ஆண்டு பிறந்த விதமே சரியில்லை. ஃபூஜி மலை துப்பிய சாம்பலைக் கூரைகளிலிருந்து முழுதாகக் கூட்டி முடிக்கவில்லை, ஊருக்குள் தட்டம்மை புகுந்தது. குழந்தைகளுக்கு வந்தது, மீன்காரனுக்கு வந்தது, மரியாதை தெரியாமல் கோட்டைக்குள்ளும் நுழைந்து நாட்டை ஆண்ட ஷோகனையே கொண்டு போனது. மறுநாள் காலையில் தெருவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. சில நாளில் நாய்ச் சட்டம் நீங்கியது, அதில் தண்டனை பெற்றவர்களுக்கு விடுதலை என்று அறிவிப்பு வந்தது. அன்று சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் ஏதோ ஒரு குழம்பு கொதித்தது. என்ன இறைச்சி என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்கள்.

அதுவரை நாய்கள்தாம் எங்களுக்குப் பெரிய மனிதர்கள். பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றிவரும் வருடங்களில், ஷோகன் நாய் வருடத்தில் பிறந்தவராம். அதனால் தெருநாயையும் 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். வழியில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடித்தால் தலை போகும், இல்லையென்றால் தீவுக்குப் போக வேண்டும். இரண்டு நாய்கள் சண்டை போட்டால் தண்ணீர் தெளித்துப் பணிவாக விலக்க வேண்டும். மனிதர்கள் சண்டை போட்டால் தண்ணீரை வீணாக்க மாட்டோம்.

ஆறு வருடத்துக்கு முன், பெரிய பூகம்பம் வந்த ஆண்டில்தான் ஒமாசாவின் வாழ்க்கையும் பிளந்தது. அன்று காலை, அடுப்பருகே காயவைத்திருந்த கானாங்கெளுத்தி மீனைத் தெருநாய் குரோ கவ்விக்கொண்டு ஓடியது. எள் அரைக்கும் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒமாசா வாசலில் நின்று கத்தினாள். "இன்னொரு தடவ உள்ள வா, காலை ஒடிச்சுக் கையில குடுக்கறேன்!" வரிசைவீடு முழுக்கக் கேட்டது. கட்டையை வாசலிலேயே சாத்திவிட்டுக் குளியல் கூடத்துக்குப் போனாள்.

அவள் திரும்பியபோது கணவன் யசுகேவின் கைகளைக் கட்டியிருந்தார்கள். பாய் தைக்கும் யசுகே, ஊசி குத்தினால்கூட ஊசியிடம் மன்னிப்புக் கேட்கும் மனிதன். முன்கால் முறிந்த குரோ, பக்கத்தில் அந்த மரக்கட்டை. "யாரோ நாய் ஐயாவ அடிச்சிட்டாங்க!" என்று முதலில் கூவி ஊரைக் கூட்டியவர் ஜின்பே. "நான்தான் அடிச்சேன்," என்றான் யசுகே. அவ்வளவுதான். மியாகே தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

குற்றவாளியின் வீட்டிலேயே நாயைப் பேண வேண்டும் என்று உத்தரவு. தான் கூழ் குடித்து, நாய்க்கு வெள்ளைச் சோறும் காய்ந்த மீனும் போட்டாள் ஒமாசா. முதல் வருடம் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சாபம் கொடுத்தாள். இரண்டாம் வருடம் சாபம் மறந்துபோயிற்று. மூன்றாம் வருடம், குளிரில் அது அவள் முதுகோடு ஒட்டிப் படுத்தது. அதன்பின் அவள் அழுததையெல்லாம் கேட்டது அந்த ஒன்றுதான். ஒருமுறைகூட நடுவில் தன் கதையைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு ஒரோகுவிடம் அந்தக் குணம் கிடையாது.

"ஏண்டி, புருஷனத் தின்ன நாய்க்கு மீன் முள்ளு எடுத்துக் குடுக்கற?" என்பாள் ஒரோகு.

"உன் புருஷனுக்கு நீ எடுத்துக் குடுத்ததில்லையே, அதான் இத வேடிக்கை பாக்கற."

ஜின்பே சொன்னபடி ஒருவனைக் கயிற்றோடு அனுப்பினார். ஒமாசா கொதிக்கும் கிழங்குப் பானையை மடியருகே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நாய் உள்ளதான் இருக்கு. போறதுன்னா இந்தப் பானையத் தாண்டிப் போ. என் கை கொஞ்சம் நடுங்கும், பாத்துக்க."

கயிற்றுக்காரன் பானையைப் பார்த்தான். கயிற்றோடே போய்விட்டான்.

கப்பல் வந்தது. எய்தாய் பாலத்தருகே நின்ற கூட்டத்தில் ஒமாசாவும் நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் தொண்டைவரை வந்திருந்தன. கறுத்து, எலும்பும் தாடியுமாக ஒருவன் எதிரே வந்து நின்றான். வாசகர்களே, அவள் கதறி அவன் மார்பில் விழுந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் சொன்னது, "வீட்டுக்கு வந்து முதல்ல கால் கழுவுங்க." சொல்லிவிட்டு வழி முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், முகம் நனைந்து கிடந்ததால்.

வீட்டில் அவன் கால் கழுவும்போது குரோ நொண்டிக்கொண்டு வந்தது. நாய் அவனை மோந்தது. ஈரப் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது.

"உயிரோடதான் இருக்கியா?" யசுகே அதன் காலைத் தடவினான். "சேந்துடுச்சு. கொஞ்சம் கோணல்."

"இத வெளிய அனுப்பச் சொல்லாதீங்க," என்றாள் ஒமாசா படபடவென்று. "நீங்க அடிச்ச பாவத்துக்குத்தான் நான் ஆறு வருஷமா சோறு போட்டேன். உங்க பேர்ல ஒரு வார்த்த குத்தம் சொல்லல, ஆத்திரத்துல அடிச்சிட்டாருன்னு..."

"நான் அடிச்ச பாவமா?" யசுகே நிமிர்ந்தான். "ஏண்டி, நான் எங்க அடிச்சேன்? நீ அடிச்சேன்னுதானே நான் பழிய ஏத்துக்கிட்டேன்!"

"நானா? நான் குளிக்கப் போயிருந்தேங்க!"

"காலை ஒடிக்கறேன்னு கத்தினியே! உன் கட்டைதானே அங்க கிடந்துச்சு!"

"கத்தினேன். கத்தறதெல்லாம் செஞ்சிருந்தா இந்த வரிசையில ஒருத்தருக்கும் கால் இருக்காது!"

ஆறு வருடம் அவன் அவளுக்காகக் கடலைப் பார்த்துக் கிடந்தான். ஆறு வருடம் அவள் அவனை மன்னித்துக்கொண்டே கிடந்தாள். இரண்டும் தேவையே இருந்திருக்கவில்லை. ஒமாசாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகி, யசுகேவின் தோளில் போய் முடிந்தது.

அவளை அணைத்தபடியே அவன் கேட்டான். "அப்ப யாரு அடிச்சது?"

வெளியே யாரோ இருமினார்கள். குரோவின் முதுகு முடி எழுந்து நின்றது. அடிவயிற்றிலிருந்து, பல்லிடுக்கில் வடிகட்டிய அந்த உறுமல்.

"இது எல்லாரையும் பாத்து இப்படிச் செய்யுமா?" என்றான் யசுகே மெதுவாக.

"இல்லீங்க. ஊருலயே ஜின்பே ஐயா ஒருத்தருக்குத்தான். பெரிய மனுஷன்னு தெரிஞ்சு மரியாத குடுக்குதுன்னு அவரே சொல்லுவாரு..." ஒமாசாவின் குரல் தேய்ந்தது.

கதவு நகர்ந்தது. ஜின்பே ஒரு சங்கரா மீனை ஓலையில் ஏந்திக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு நுழைந்தார். "வாப்பா யசுகே! நல்லா..." நாயைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஒமாசா எழுந்தாள். அடுப்போரத்திலிருந்த எள் அரைக்கும் கட்டையை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஜின்பே ஐயா, இதத் தெரியுதா?"

"என்ன பேச்சு இது? பழசெல்லாம்..."

குரோ ஓர் அடி முன்னால் நொண்டியது. ஜின்பே ஓர் அடி பின்னால் போனார். கதவு இடித்தது.

"என் புதுக் கட்டைச்செருப்புல ஒண்ணுக்குப் போயிடுச்சுப்பா!" என்று அவர் உடைந்தார். "அன்னிக்குத்தான் வாங்கினது! கைக்கு எது கிடைச்சதுன்னு தெரியல, ஒரே ஒரு போடு... தல போயிடுமேன்னு கூவிட்டேன். நீயே ஒத்துக்குவேன்னு நான் கண்டேனா?"

யசுகே கட்டையை எடுத்தான். கையில் திருப்பிப் பார்த்தான். ஜின்பே கண்ணை மூடிக்கொண்டார். யசுகே அதைச் சுவரோரம் சாத்தினான்.

"ஒரு செருப்புக்கு ஆறு வருஷம்," என்றான். "இப்ப சொல்லுங்க. நாய் வீட்ட விட்டுப் போகணுமா?"

"வேணாம், வேணாம்! இருக்கட்டும்!"

"நாங்க?"

"நீங்களும் இருங்க! இந்த வருஷ வாடகையே..."

"வாடகைய நாங்க குடுப்போம்," என்றாள் ஒமாசா. "நீங்க மன்னிப்புக் கேளுங்க. எங்ககிட்ட இல்ல."

ஜின்பே மண்டியிட்டார். மீனை முன்னால் வைத்து, நெற்றி பாயில் படக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க, குரோ ஐயா."

எடோ முழுவதும் நாய்க்கு வணங்குவதை விட்டுவிட்ட ஆண்டில், வணங்கிக்கொண்டிருந்த ஒரே மனிதர் எங்கள் ஜின்பேதான். குரோ ஐயா அவரைப் பொருட்படுத்தவில்லை. மீனைக் கவ்விக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

ஜின்பே குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, வாசலில் செருப்பைத் தேடி, இடதை வலதில் மாட்டிக்கொண்டு போனார். ஒமாசா கதவை இழுத்துச் சாத்தினாள்.