பாம்பூஃப்ளாட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது

என் மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். மெயின்லேண்டில் இருக்கும் தன் தம்பியை இந்தத் தீவுக்கு வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவன் வருகிற கப்பல் சென்னைக்குத் திரும்பும்போது அவளும் மகளும் அவனோடு போய்விடுவார்கள். அது நடக்கக் கூடாது என்றால் டாக்டர் சொன்ன, குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு நான் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையே. சொல்லிவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றப் போனாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குடியை நிறுத்திக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கை நடுக்கம் போயிருந்தது, கூடவே மற்ற உணர்ச்சியும் போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

டாக்டர் இரண்டு இடம் சொல்லியிருந்தார். ஒன்று அபர்டீன் பஜாரில் ஒரு மாடியில். இன்னொன்று துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். நான் வயரிங் வேலை செய்கிறவன். நாங்கள் இருக்கும் ஷாதிபூரில் பாதி வீடுகளின் மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அபர்டீனில் அந்தப் படியேறினால் நான் உட்காருவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிடும். இந்த ஊரில் ஒருவன் குடித்து விழுந்தால் தாண்டிப் போவார்கள். குடியை விடப் போனால்தான் நின்று பேசுவார்கள். அதனால் பாம்பூஃப்ளாட். அங்கே எனக்கு ஒரு வீடும் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாத்தம் படகுத்துறையில் போட் ஏறி, அதில் ஏற்றியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே தலையைக் குனிந்து நின்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் ஒரு பாலர் பள்ளியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போர்டு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். எரிச்சலாகி, டீக்கடையில் பாலர் பள்ளி எங்கே என்று இந்தியில் கேட்டேன். கூட்டம் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

"தாரு சோட்னே வாலா? பீச்சே சே ஜாவ்," என்றார் கடைக்காரர், கடை முழுக்கக் கேட்கும்படி. குடியை விடுகிற ஆளா, பின்பக்கமாகப் போ என்று. பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து கைகாட்டி வேறு விட்டார்.

உள்ளே பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரிய ஆட்கள் முழங்காலை நெஞ்சுவரை தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் எதிர்வீட்டுக்காரர். ரிட்டயரான அரசு ஊழியர். ஞாயிறானால் பையோடு அந்தப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர் என்றுதான் எங்கள் தெரு அவரைச் சொல்லும். அவர் பக்கத்தில், பஜாரில் எனக்கு வயர் விற்கிற தெலுங்குக்காரர். எல்லாரும் நான் வந்த அதே போட்டில் வந்தவர்கள். என்னை மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத இடம் என்று எங்கள் ஊரே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பாம்பூஃப்ளாட் ஆள் ஒருவர்கூட இல்லை. அவர்கள் போட் ஏறி அபர்டீன் மாடிக்குப் போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. (எதிர்வீட்டுக்காரர், வயர்க்காரர் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

என் முறை வந்தபோது இந்தியில் பேசினேன். ஆட்டோக்காரனுக்கு வழி சொல்கிற மாதிரி வந்தது. குடித்தேன், நிறுத்தியிருக்கிறேன், மனைவி போகப் போகிறாள், அவ்வளவுதான். யாரும் உச்சுக்கொட்டவில்லை. நடத்தியவர் ஒரு வங்காளி. முடிவில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். இங்கே யாரைப் பார்த்தோம் என்பது வெளியே போகக் கூடாது. வீட்டிலும் சொல்லக் கூடாது.

வாசலில் எதிர்வீட்டுக்காரர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"தம்பி, போட்ல உங்களுக்கு என்னைத் தெரியாது. தெருவுல பார்த்தா, நீங்க மாட்டின ஃபேன் சத்தம் போடுதுன்னு எப்பவும் போலத் திட்டுவேன். நீங்களும் திட்டுங்க."

"இப்ப எங்க போறீங்கண்ணே?"

"மீன் வாங்கத்தான். வெறும் பையோட போனா தெருவுக்குத் தெரிஞ்சிராது?"

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் என் வாயருகே மோந்து பார்த்தாள். வாடை இல்லை. அது அவளுக்குப் போதவில்லை. இதற்கு முன்னால் எத்தனையோ இடத்துக்குப் போனதாகச் சொல்லி எங்கேயும் போகாமல் திரும்பியவன் நான்.

"யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

எதிர்வீட்டைக் கைகாட்டினால் போதும். அவள் போய் ஒரு வார்த்தை கேட்பாள், அவர் ஆமாம் என்பார், அவள் தம்பி கப்பல் ஏறமாட்டான். அந்த வீட்டு விளக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அதைச் சொல்லக் கூடாது," என்றேன்.

"ஒருத்தரையாவது சொல்லுங்க."

"மாட்டேன். போறதுன்னா போ."

"பொய் சொல்றப்ப ஆள் யாரு, என்ன சட்டை, எந்தக் கடையில டீ குடிச்சீங்கன்னு எல்லாம் சொல்வீங்க," என்றாள். "இன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே."

பாராட்டா, குத்தலா, தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தம்பியிடம் பேசுவது கேட்டது. "இந்தக் கப்பல்ல வராதடா. அடுத்ததுக்குப் பார்க்கலாம்."

ஒரு கப்பல் தள்ளிப் போட்டிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று புரிந்தது. சந்தோஷம் வரவில்லை. பசி மட்டும் வந்தது. மகளையும் கூப்பிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.